‘நாலு நிமிஷம்தானே, சார்!’: மாணவர்களின் படிப்பும் சமூக ஊடகமும்

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மகனுக்கு 15 வயது. ஒரு வருடத்துக்கு முன்புவரை நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் இப்போது சறுக்குகிறான். புத்தகத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை, ஏதாவது சொன்னால் எரிந்து விழுகிறான். “இதற்கெல்லாம் சமூக ஊடகம்தான் காரணமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்? இல்லை, போனையே பிடுங்கி வைத்துவிடலாமா? அடுத்த வாரம் தேர்வு வேறு வருகிறது” என்று கேட்டிருக்கிறார். இருபது வருடமாக மேல்வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இந்த விஷயத்தில் வருகிற ஆய்வுகளையும் விடாமல் படித்துவருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த மணிக்கணக்கை ஒதுக்கிவைப்போம். ‘ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்’ என்பது எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி. போனும் அதற்குத் தோதாக வாராவாரம் ஒரு கணக்கைக் காட்டிவிடுகிறது. ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் பார்க்கிறவன் நன்றாகப் படிப்பதையும், நாற்பது நிமிடம் மட்டும் பார்க்கிறவன் திணறுவதையும் வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த நேரம் எங்கே போய் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். சாயங்காலம் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போவது ஒரு கதை. அதே ஒரு மணி நேரம் அறுபது துண்டுகளாக உடைந்து, படிப்புக்கு நடுவிலும் பேச்சுக்கு நடுவிலும் தூக்கத்துக்கு நடுவிலும் செருகிக்கொண்டால் அது வேறு கதை.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு மாணவனிடம். ‘எவ்வளவு படிச்சாலும் நிக்க மாட்டேங்குது சார்’ என்று வந்தான். சரி, நீ படிப்பதைக் கொஞ்சம் பார்க்கிறேன் என்று பக்கத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். பாடம் எதுவும் நடத்தவில்லை, சும்மா பார்த்தேன். எடுத்துக்கொண்ட கணக்கு மிகச் சாதாரணமானது: 20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கிடைமட்டமாக, விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிகிறோம், அது எவ்வளவு தூரம் தள்ளி விழும்? செங்குத்தாக விழுவதைத் தனியாக எடுத்து நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்த நேரத்தைக் கிடைமட்ட வேகத்தோடு பெருக்க வேண்டும். அவ்வளவுதான். பையன் முதல் பாதியைச் சரியாகவே போட்டான். ‘நேரம் = 2 விநாடி’ என்று எழுதினான். அந்த நொடியில் மேஜையில் இருந்த போன் லேசாக ஒளிர்ந்தது. எடுத்தான், ஏதோ வாட்ஸ்அப் குழு, கட்டைவிரலால் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினான், வைத்தான். இருபது விநாடிகூட இருக்காது. திரும்பி நோட்டைப் பார்த்தவன், தன் கையெழுத்தையே ஏதோ அந்நியன் எழுதியதைப் போலப் பார்த்தான். ‘இந்த 2 எங்கேருந்து வந்துச்சு?’ என்று முணுமுணுத்துவிட்டு, கேள்வியை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினான்.

நாற்பது நிமிடத்தில் பதினோரு முறை போனை எடுத்தான். மொத்தம் கூட்டினால் நான்கு நிமிடத்தைத் தாண்டாது. முடிந்ததும் அதைச் சொன்னேன். “நாலு நிமிஷம்தானே, சார்!” என்றான். கூட்டல் சரிதான். ஆனால் மிச்சமிருந்த முப்பத்தாறு நிமிடத்தில் பாதிக்கு மேல், விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போயிருந்தது. அது எந்தச் செயலியின் கணக்கிலும் வராது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்திப் பிடித்துக்கொள்ளக்கூடியது மிகக் கொஞ்சம். பெரியவர்களுக்கே நான்கு துண்டுத் தகவல் அளவுதான் என்பது உளவியலாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. உயரம், வேகம், இரண்டு திசைகளும் தனித்தனி, நேரம் மட்டும் பொது. அந்தப் பையனின் கை அதோடு நிறைந்துவிட்டது. அந்த நிலையில் ‘அவன் ஏன் அப்படிச் சொன்னான்’ என்ற ஐந்தாவது பொருளைத் திணித்தால் ஏற்கெனவே பிடித்திருந்த ஒன்று கீழே விழுந்துதான் தீரும். போனைக் கீழே வைத்த பிறகும் மனத்தின் ஒரு மூலை அந்தக் குழுவிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பழையது மிச்சமாக ஒட்டிக்கொண்டு வருவதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் ‘கவன எச்சம்’ என்று பெயரிட்டுக் காட்டினார்.

என் மாணவன் விதிவிலக்கும் இல்லை. 2013ல் உளவியலாளர் லாரி ரோசனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 263 மாணவர்கள் தங்கள் வீட்டில் படிப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். பள்ளி மாணவர்களும் இருந்தார்கள், பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். கவனித்தது வெறும் 15 நிமிடம்தான். ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், சராசரியாக ஆறு நிமிடத்துக்குள் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. யாரும் பார்க்காதபோது எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போனைத் தொடாமலே இருந்தால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல். 2017ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒரு சோதனை மிகப் பிரபலம். போன் சத்தமில்லாமல் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தவர்கள், பையில் வைத்திருந்தவர்கள், அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று மூன்று வகை. அடுத்த அறையில் விட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், மேஜைமேல் வைத்தவர்கள் பின்தங்கினார்கள். போனால் எந்தப் பாதிப்பும் இல்லை என்றுதான் பலரும் சொன்னார்கள் என்பது இதில் வேடிக்கை. பின்னால் இதே சோதனையைத் திருப்பிச் செய்த சிலருக்கு இந்த விளைவு கிடைக்கவில்லை, ஆகவே இதைக் கல்லில் செதுக்கிய உண்மையாக நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அடுத்த அறையில் வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: பக்கத்தில் இருப்பவனின் நிலை. கனடாவில் 2013ல் வெளியான ஓர் ஆய்வில், பாடம் நடக்கும்போது மடிக்கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு வைத்த சோதனையில் 11 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தாங்கள் எதையும் நோண்டாமல், அப்படி நோண்டுகிறவர்களின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்கள் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். ‘என் இஷ்டம், என் மதிப்பெண்’ என்ற வாதம் வகுப்பறையில் எடுபடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பாட்டுக்கும் கிண்டலுக்கும் போனைப் பார்ப்பவனைவிட, படிப்பதற்காகவே போனைப் பார்ப்பவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு நிமிட ரீல்ஸில் மின்தூண்டலை விளக்கிவிடுகிறார்கள். வண்ணப் படம், விறுவிறுப்பான குரல், எல்லாம் தெளிவாக இருக்கும். பார்த்து முடித்ததும் ‘அட, இவ்வளவுதானா!’ என்று தோன்றும். புரிந்தது உண்மைதான். ஆனால் புரிவதும் நினைவில் நிற்பதும் ஒன்று இல்லை. 2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நான்கு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு முறை படித்தவர்கள்தான்.

ரீல்ஸ் பாடங்கள் செய்வது இந்த முதல் குழுவின் வேலையைத்தான், அதுவும் இன்னும் வழவழப்பாக. எங்கேயும் தடுக்காது, எங்கேயும் யோசிக்க வைக்காது. முடிந்த கையோடு அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கிவிடும், அது ஏதோ நாய்க்குட்டியாக இருக்கும். இப்போது பார்த்ததைத் திருப்பிச் சொல்லிப்பார்க்க வேண்டிய அந்த அரை நிமிடத்தை நாய்க்குட்டி தின்றுவிடுகிறது. தேர்வு அறையில் ‘இதைப் பார்த்திருக்கிறேனே’ என்று தெரியும், எழுத வராது. ‘படிச்சதுதான், மறந்துபோச்சு’ என்று வெளியே வந்து சொல்வார்கள். பல நேரம் மறப்பதற்கு உள்ளே எதுவும் போயிருக்கவே இல்லை. உங்கள் மகனின் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு இந்த வகை என்று ஒருமுறை பாருங்கள்.

தூக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 13 முதல் 18 வயதுவரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கிவைப்பது தூங்கும்போதுதான். இந்த வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் நகர்கிறது, தூக்கம் இயல்பாகவே தாமதமாகத்தான் வரும். அதன்மேல் படுக்கையில் போன் இருந்தால் நள்ளிரவு தாண்டிவிடும். பள்ளி மணியோ அதற்காகத் தள்ளிப்போகாது. திரையின் நீல ஒளியை எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், ‘நான் தூங்கினால் குழுவில் என்ன நடக்குமோ’ என்ற பதற்றம் அந்த ஒளியைவிடப் பெரிய வில்லன். காலையில் முதல் பாடவேளையில் கண் திறந்தபடியே தூங்குகிற முகங்களை எந்த ஆசிரியரும் அடையாளம் கண்டுகொள்வார்.

சரி, எரிந்து விழுவதற்கு வருவோம். தூக்கம் போதாத யாரும் சிடுசிடுப்பார்கள், அது பாதி பதில். மீதிப் பாதி, அந்தச் செயலிகள் செய்யப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. முன்பு எந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு முடிவு இருந்தது. கதையில் அத்தியாயம் முடியும், விளையாட்டில் இருட்டிவிடும், நிகழ்ச்சியில் ‘மீண்டும் சந்திப்போம்’ என்பார்கள். 2006ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் கீழே போகப்போக முடிவே வராத பக்கத்தை உருவாக்கினார். பிறகு அதற்காக வருத்தமும் தெரிவித்தார். முடிவில்லாத ஒன்றை நிறுத்துவது எப்போதும் வெளியிலிருந்து வருகிற குரல்தான். உங்கள் வீட்டில் அது உங்கள் குரல். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றின் நடுவில்தான் நீங்கள் கூப்பிடுகிறீர்கள், ஏனென்றால் அதில் நடுவைத் தவிர வேறு இடமே கிடையாது. கோபம் யார்மேல் பாயும்? கையில் இருக்கும் போன்மேல் பாயாது.

அடுத்து வருவது என்ன என்று தெரியாததும் ஒரு கொக்கி. பத்தில் ஒன்பது படம் சப்பென்று இருக்கும், பத்தாவது அட்டகாசமாக இருக்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, தவறாமல் கிடைக்கிற பரிசைவிட நம்மை விடாப்பிடியாகக் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் இதே விதியில்தான். பெரியவர்களாலேயே விட முடியவில்லை. 15 வயதில் மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி முழு வேகத்தில் ஓடுகிறது, கடிவாளம் பிடிக்கும் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதியில்தான் முழுமையாக முதிர்கிறது. ‘மன உறுதி இல்லை’ என்று பையனைத் திட்டும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

நடத்தை என்றால் பெற்றோர் நினைப்பது கெட்ட பேச்சும் எதிர்ப்பேச்சும். நான் பார்க்கிற மாற்றம் அதைவிட நுட்பமானது: எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டத்தின் முன் வாழ்கிற உணர்வு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயதுவரையிலான 32 பேரை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் மாதிரியான படங்களைக் காட்டினார்கள். 2016ல் வெளியானது. ஒரு படத்துக்கு எத்தனை லைக் என்பதை ஆய்வாளர்களே இஷ்டத்துக்குப் போட்டிருந்தார்கள். ஒரே படத்துக்கு லைக் அதிகம் என்று காட்டினால் பிள்ளைகளும் அதற்கு லைக் போட்டார்கள், குறைவு என்று காட்டினால் பலர் கடந்து போனார்கள். தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்தபோது, பரிசு கிடைத்தால் துடிக்கிற பகுதி துடித்தது. இதைவிட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொன்று: புகை, குடி போன்ற ஆபத்தான பழக்கங்களைக் காட்டும் படங்களைப் பார்த்தபோது, கட்டுப்பாட்டோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடு தணிந்தது.

ஆய்வகத்தை விடுங்கள், வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை. எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற பையன் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தான், கேட்ட கேள்விக்கு எழுந்து நிற்கவே யோசித்தான். இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. சுற்றுலாப் பேருந்தில் அவன் வாயைத் திறந்து தூங்கியதை யாரோ படமெடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக மாற்றிவிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர் வந்து விழும். அவன் குழுவை விட்டு வெளியேறினான். ‘வெளியேறினார்’ என்று குழுவில் வருகிறதே ஒரு வரி, அதைப் படமெடுத்து அதற்கும் ஒரு சிரிப்பு. திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சேராமல் இருந்தால் வீட்டுப்பாடம் என்ன என்பதே தெரியாது, அதுவும் அதே குழுவில்தான் வரும். அவர்களில் யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. எதிரில் அவன் முகம் வாடியதைப் பார்த்திருந்தால் பாதிப் பேர் அப்போதே நிறுத்தியிருப்பார்கள். அங்கே வாடிய முகம் யார் கண்ணிலும் படவில்லை. நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்பெல்லாம் பள்ளியில் நடந்த சண்டை கடைசி மணியோடு வீட்டுக்குப் போகும். இப்போது இரவு பத்து மணிக்கு வீட்டில் தொடங்கிப் பள்ளிக்கு வருகிறது, ஸ்கிரீன்ஷாட்டோடு.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக இல்லை. 2019ல் ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரைசில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 3,55,000க்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவுகளை அலசினார்கள். அவர்களின் மனநலத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வில், டிஜிட்டல் சாதனங்களின் பயன்பாட்டோடு பொருந்திப் போனது அதிகபட்சம் 0.4 சதவீதம். அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு அந்தத் தரவில் கிடைத்தது என்று கிண்டலாகவே எழுதியிருந்தார்கள். ‘சமூக ஊடகம் ஒரு தலைமுறையையே அழித்துவிட்டது’ என்று முழங்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் சராசரி என்பது ஒரு தந்திரம். ஒருவனுக்கு நல்லது, ஒருவனுக்குக் கெட்டது, பத்துப் பேருக்கு ஒன்றுமே இல்லை என்றால், கூட்டி வகுக்கும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அப்புறம், மணிக்கணக்கை வைத்து அளந்தால் நான் மேலே சொன்ன நான்கு நிமிடப் பையன் ‘மிகக் குறைவாகப் பயன்படுத்துபவன்’ பட்டியலில்தான் வருவான். வேறு விதமாக அளந்தவர்களும் இருக்கிறார்கள். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கி, ஒரே நாளில் எங்கும் பரவாமல், கல்லூரி கல்லூரியாகப் போனது. முதலில் வந்த கல்லூரிகளையும் பின்னால் வந்தவற்றையும் ஒப்பிட்டு மூன்று பொருளியலாளர்கள் 2022ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது வந்த இடங்களில் மாணவர்களின் மனநலம் சரிந்தது. மனச்சோர்வால் படிப்பு கெட்டது என்று சொன்னவர்கள் கூடினார்கள். ஒரு சின்ன விஷயத்தையும் கவனியுங்கள்: அப்போது லைக் பொத்தானே கிடையாது, அது 2009ல்தான் வந்தது. மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதே அவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு.

காரணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போன் பார்ப்பதால் படிப்பு போகிறதா, படிப்பு போனதால் போனுக்குள் போகிறானா? என் வகுப்பில் இரண்டையும் பார்க்கிறேன், இரண்டாவதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் முக்கோணவியலில் ஏதோ ஒன்றைத் தவறவிட்டவன், இப்போது அதன்மேல் கட்டிய எல்லாப் பாடத்திலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தினமும் ஆறு மணி நேரம் தன்னை முட்டாளாக உணர்கிற ஒருவன், தன்னைச் சிரிக்கவைக்கிற இடத்தைத் தேடிப் போவதில் என்ன ஆச்சரியம்? அவனிடம் போனைப் பிடுங்கினால் ஓட்டை அப்படியேதான் இருக்கும், ஒளிந்துகொள்ள இடம் மட்டும் போய்விடும். ஆகவே ‘ஒரு வருடமாகத்தான்’ என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வருடத்தில் வேறு என்ன மாறியது? வகுப்பு, ஆசிரியர், நண்பன், வீட்டுச் சூழல்?

நல்லது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை குழுவில் சந்தேகம் கேட்கும். வானியல்மேல் ஆசைப்பட்ட ஒரு மாணவிக்கு, பேச ஆள் கிடைத்தது இணையத்தில்தான். உருவாக்குகிறவனுக்கு அது கருவி, சும்மா தள்ளிக்கொண்டே போகிறவனுக்கு அது சேறு.

இனி, பிடுங்கலாமா என்ற கேள்வி. பள்ளிகளில் போனைத் தடைசெய்தபோது என்ன ஆனது என்பதற்கு நல்ல தரவு இருக்கிறது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்த பெலாண்ட், மர்ஃபி என்ற இரண்டு பொருளியலாளர்கள், தடைக்குப் பிறகு தேர்வு முடிவுகள் உயர்ந்ததைக் கண்டார்கள். அதிலும் பலன் முழுக்கப் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் போனது. முதல் வரிசை மாணவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. அதே மாதிரி ஸ்வீடனில் பார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. நார்வேயில் மாணவிகளின் மதிப்பெண்கள் கூடின, கேலியும் துன்புறுத்தலும் குறைந்தன. 2025ல் பிரிட்டனில் 30 பள்ளிகளை ஒப்பிட்டபோது, தடை உள்ள பள்ளி, இல்லாத பள்ளி என்று மாணவர்களின் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது: பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துவிட்டார்கள், மொத்தப் பயன்பாடு பெரிதாகக் குறையவில்லை. ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போய், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கே வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2025 டிசம்பர் 10 முதல் அமல்படுத்தியது. அதன் விளைவைச் சொல்லக் காலம் வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் முழுத் தடை போட்டுப் போரிடுவதைவிட, இரண்டே இரண்டு இடங்களைக் காப்பாற்றச் சொல்வேன். ஒன்று, படிக்கும் நேரம். போன் கவிழ்த்து வைப்பதும் வேண்டாம், சத்தத்தை அணைத்து வைப்பதும் வேண்டாம், அறையிலேயே வேண்டாம். நாற்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் வெளியே வந்து வேண்டுமானால் பார்க்கட்டும். அந்த நாற்பதின் கடைசி ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வெறுந்தாளில் எழுதட்டும். காணொளி பார்த்தே படித்தாலும் இதே விதி. இரண்டாவது, படுக்கை. சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும், எல்லோருடைய போனும் அங்கேயே தூங்கட்டும். எல்லோருடையதும் என்றால் உங்களுடையதும், அவன் அப்பாவுடையதும். ‘அலாரம் வைக்க வேண்டுமே’ என்பான். ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டைத் தவிர மற்ற நேரத்தில் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுங்கள், விட்டுக்கொடுத்த இடம் இருந்தால்தான் கேட்ட இடத்தில் ஒத்துழைப்பு கிடைக்கும்.

சின்னச் சின்ன மாற்றங்களும் உதவும். மனிதர்கள் நேரடியாக அனுப்புகிற செய்தியைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடலாம். இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கிற வசதி 2021லிருந்து இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இவற்றை நீங்கள் செய்யாமல் அவனையே செய்யச் சொல்லுங்கள். முதல் நாலைந்து நாள் அவன் இன்னும் மோசமாக எரிந்து விழலாம். கை தானாகச் சட்டைப்பையைத் தேடும். பயந்து பின்வாங்கிவிடாதீர்கள். ரகசியமாகப் போனைத் திறந்து படித்துப்பார்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், ஒருமுறை பிடிபட்டால் அதற்குப் பிறகு அவனுக்கு உண்மையான ஆபத்து வந்தால்கூட உங்களிடம் வர மாட்டான். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், பிடித்த விஷயங்களில்கூட ஆர்வம் போயிருந்தால், தனக்கு ஏதாவது செய்துகொள்வேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அது போன் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த வாரத் தேர்வைப் பற்றிக் கேட்டீர்கள். தேர்வுக்கு முன் இருக்கும் இந்த ஏழு நாளில் போனைப் பிடுங்காதீர்கள். அந்தச் சண்டையே இரண்டு நாளைத் தின்றுவிடும். இன்று அவனோடு உட்கார்ந்து சார்ஜரை மட்டும் கூடத்துக்கு மாற்றுங்கள், இந்த வாரம் அது போதும். படிக்கும் நேர விதியைத் தேர்வு முடிந்து அவன் மனம் லேசாக இருக்கும் ஒரு நாளில் பேசிக்கொள்ளலாம். அந்த நாலு நிமிடப் பையனிடம் நான் எதையும் பிடுங்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடு என்றேன். மூன்றாவது நாள் அவனே வந்து, “சார், போன் உங்க மேஜைல இருக்கட்டும்” என்று வைத்துவிட்டுப் போனான்.